தனித்திருந்து கண்டவர்

மாணவர்களே, வலியசாலைத் தெருவில் தனிமைக்கு இடமில்லை. வீடுகள் சுவரோடு சுவர் சேர்ந்து நிற்கின்றன. ஒரு வீட்டில் தாளிக்கும் மணம் மூன்றாம் வீட்டை எட்டுகிறது. ஒருபுறம் கோயில் மணியோசை. மறுபுறம் சாலைக் கடைத்தெருவின் இரைச்சல். இத்தகைய தெருவில் வளரும் உங்களிடம், தனித்திருந்து இயற்கையைக் கண்டு எழுதிய ஒருவரைப் பற்றிக் கூறினால், அவர் ஏதோ மலைக்காட்டில் குடில் அமைத்து வாழ்ந்தவர் என்றே எண்ணுவீர்கள். அவர் வாழ்ந்தது சென்னை மயிலாப்பூரில்.

மா. கிருஷ்ணன் 1912ஆம் ஆண்டு திருநெல்வேலியில் பிறந்தார். தந்தையார் அ. மாதவையா, ‘பத்மாவதி சரித்திரம்’ என்னும் நாவலை இயற்றியவர். பட்டப்படிப்பில் தமிழைக் கட்டாயப் பாடமாக்க வேண்டும் என்று சென்னைப் பல்கலைக்கழகப் பேரவையில் பேசிய மாதவையா, அங்கேயே உயிர்நீத்தார். அது 1925ஆம் ஆண்டு. கிருஷ்ணனுக்கு அப்பொழுது 13 வயது. தமிழை விருப்பப் பாடமாகப் படிக்கும் நீங்கள் இச்செய்தியை அறிந்திருத்தல் வேண்டும்.

கிருஷ்ணன் சிறுவராயிருந்த காலத்தில் மயிலாப்பூர் இன்றுள்ளதுபோல் இல்லை. அவர் வீட்டைச் சூழ்ந்து புதர்கள் அடர்ந்திருந்தன, பறவைகள் மிகுந்திருந்தன, நரியும் உலவிற்று. அவர் ஒரு கீரியையும் வளர்த்தார். பின்னர் மாநிலக் கல்லூரியில் தாவரவியல் பயின்றார், சட்டமும் பயின்றார். 1942இல், இன்றைய கர்நாடகத்தில் உள்ள சண்டூர் சமஸ்தானத்தில் பணியேற்றார். ஆசிரியர், நீதிபதி, அரசரின் செயலாளர் எனப் பல பொறுப்புகளை வகித்தார். இடையே ஆடு மேய்த்தும் பார்த்தாராம்! சமஸ்தானம் இந்திய ஒன்றியத்தோடு இணைந்தபின் சென்னைக்குத் திரும்பினார். அதன்பின் எவரிடமும் மாதச் சம்பளத்திற்குப் பணியாற்றவில்லை. எழுத்தும் நிழற்படமுமே அவருக்குப் பிழைப்பாயின. மாத வருவாய் உறுதியற்ற வாழ்வு எத்தகையது என்பதை உங்கள் பெற்றோரைக் கேட்டால் சொல்வார்கள்.

1950ஆம் ஆண்டு முதல், கல்கத்தாவிலிருந்து வெளிவந்த ‘ஸ்டேட்ஸ்மன்’ ஆங்கில நாளிதழில் இரு வாரங்களுக்கு ஒரு கட்டுரை எழுதலானார். 46 ஆண்டுகள் அது தொடர்ந்தது. 1996 பிப்ரவரி 18ஆம் நாள் அவர் மறைந்தார். அவருடைய கடைசிக் கட்டுரையும் அந்நாளிலேயே வெளிவந்தது. தமிழிலும் எழுதினார். அக்கட்டுரைகளைத் தியடோர் பாஸ்கரன் தொகுத்து, ‘மழைக்காலமும் குயிலோசையும்’ என்னும் நூலாக்கினார்.

இத்தனை ஆண்டுகள் எழுதுவதற்கு அவருக்கு என்ன கிடைத்தது? யானையையும் காட்டெருதையும் பற்றி எழுதினார். ஆனால் காகம், அணில், ஓணான், பல்லி ஆகியவற்றையும் அதே கவனத்தோடு எழுதினார். புலியைக் கண்டு வியப்பது எளிது. வீட்டுக் கூரைமேல் நாள்தோறும் அமரும் காகத்தைப் புதிதாகக் காண்பதே அரிது. காட்டிற்குச் செல்லும்பொழுது, தாமே பல உறுப்புகளைச் சேர்த்து அமைத்துக்கொண்ட கனமான நிழற்படக் கருவியைச் சுமந்து சென்றார். கறுப்பு வெள்ளைப் படங்களே எடுத்தார். படம் எடுக்க இயலாதவற்றை வரைந்தார்.

தனிமை அவருக்கு எதற்குப் பயன்பட்டது என்பதை நீங்களே சோதித்தறியலாம். ஒரு மரத்தடிக்கு நால்வர் பேசிக்கொண்டு சென்றால், அணில் கீச்சிட்டு எச்சரிக்கும். பறவைகள் எழுந்து செல்லும். ஒருவர் மட்டும் சென்று அசையாது அமர்ந்தாலும் முதலில் அதுவே நிகழும். ஆனால் சற்று நேரம் கழிந்தபின் அணில் இறங்கி வரும். மைனா புல்லில் இரைதேடத் தொடங்கும். நாம் வந்ததனால் நின்றுபோன அவற்றின் வாழ்க்கை மீண்டும் தொடங்குகிறது. அதைக் காண்பதற்கே காத்திருத்தல் வேண்டும். மனிதரை வெறுத்து ஒதுங்குதல் வேறு, இவ்வாறு காத்திருத்தல் வேறு.

அமெரிக்காவில் தோரோ என்பவர் 1845ஆம் ஆண்டு வால்டன் என்னும் குளத்தின் கரையில் தாமே ஒரு குடில் கட்டி, இரண்டு ஆண்டுகளுக்குச் சற்று மேல் வாழ்ந்தார். அவரும் நெடுந்தொலைவு சென்றுவிடவில்லை. கான்கார்டு என்னும் தம் ஊருக்கு அங்கிருந்து நடந்தே சென்று வந்தார். எனினும் ஒரு வேறுபாடு உண்டு. தோரோ குளத்தை நோக்கித் தம் உள்ளத்தைப் பற்றி விரிவாக எழுதினார். கிருஷ்ணன் தம்மைப் பற்றி மிகக் குறைவாகவே கூறினார். பறவை என்ன செய்தது என்று எழுதினார்; தாம் என்ன உணர்ந்தார் என்பதைப் படிப்போரே உய்த்துணரவேண்டும். எனக்குக் கிருஷ்ணனின் முறையே பிடிக்கும். அது தமிழுக்குப் பழகிய முறையும் ஆகும்.

தொல்காப்பியம் அகப்பாட்டின் பொருளை முதல், கரு, உரி என மூன்றாகப் பகுக்கிறது. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்நிலத்து மரம், விலங்கு, பறவை முதலியன கருப்பொருள். மாந்தரின் உள்ள நிகழ்ச்சியே உரிப்பொருள். முல்லைக்குக் காத்திருத்தல், நெய்தலுக்கு இரங்கல், பாலைக்குப் பிரிதல். ‘நான் துயருற்றேன்’ என்று தலைவி சொல்லவேண்டியதில்லை. கடற்கரை நாரையைச் சொன்னாலே போதும். பொருள் ஈட்டுவதற்காக ஊரைவிட்டுச் செல்லுதலைப் ‘பொருள்வயிற் பிரிவு’ என்றனர் முன்னோர், அது பாலைக்குரியது. உங்கள் குடும்பத்தாரும் அவ்வாறு வந்தவர்களே. பணி மாற்றத்தால் நானும் அவ்வாறு வந்தவனே. இங்கு வந்த முதல் ஆண்டில் தென்னையையும் மழையையும் கண்டபோதெல்லாம் என் ஊரின் பனையையும் வெயிலையுமே நினைத்திருந்தேன். இவ்வூர்ப் பறவைகளை எண்ணத் தொடங்கிய பின்னரே இவ்வூர் எனக்கு ஊராயிற்று.

ஒன்று கூறவேண்டும். ‘இயற்கையின் எழில்’ என்று தலைப்புக் கொடுத்தால், உங்களுள் பலர் ‘பச்சைப் பட்டாடை உடுத்திய வயல்கள்’ என்று தொடங்குகிறீர்கள். அவ்வயலை நீங்கள் கண்டதுண்டா? கிள்ளியாற்றின் கரையில் நிற்கும் கொக்கைக் கண்டிருக்கிறீர்கள். அதை எழுதுங்கள்.

பயிற்சி: ஒரு ஞாயிறு காலையில், பெற்றோர் பார்வையில் படும் இடத்தில், மொட்டைமாடியிலோ வீட்டு முற்றத்திலோ 20 நிமிடம் பேசாமல் அமர்க. கைப்பேசி உள்ளேயே இருக்கட்டும். நாள், நேரம், இடம், கண்ட உயிர், அது செய்த செயல் ஆகியவற்றை எழுதுக. அழகு, அருமை, இனிமை என்னும் மூன்று சொற்களையும் பயன்படுத்தற்க. ஒவ்வோர் உயிரின் பெயரையும் தமிழில் எழுதி, அருகில் மலையாளப் பெயரையும் தமிழ் எழுத்தில் எழுதுக. மீன்கொத்தியைப் ‘பொன்மான்’ என்பார்கள். அணிலை ‘அண்ணான்’ என்பார்கள். கீரி இரு மொழியிலும் கீரிதான். மதில்மேல் செந்நிறச் சிறகோடு தத்தி வரும் செம்போத்தை நீங்கள் கண்டால், பக்கத்து வீட்டுப் பாட்டியிடம் அதன் மலையாளப் பெயரைக் கேட்டுப் பாருங்கள்.