மகனுக்கு "வேதனை" என்று பெயர் வைத்த தாய்!

பெற்ற பிள்ளைக்கு "வேதனை" என்று யாராவது பெயர் வைப்பார்களா?

ஒரு தாய் வைத்தாள். அந்தப் பெயர் பைபிளில் இருக்கிறது. அதைப் படித்தவர்கள் பலர். அதன் பொருளை அறிந்தவர்கள் சிலர்தான்.

பைபிளின் பழைய ஏற்பாடு பெரும்பாலும் எபிரேய மொழியில் எழுதப்பட்டது. அதில் வம்ச வரலாறுகள் நிறைய உண்டு. "நாளாகமம்" முதல் புத்தகத்தில் முதல் 9 அதிகாரங்களும் பெரும்பாலும் பெயர்ப் பட்டியல்தான். இன்னாருடைய மகன் இன்னார் என்று வரிசையாக வரும். வாயில் நுழையாத பெயர்கள்! படிப்பவர்கள் பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போய்விடுவார்கள்.

ஆனால், எபிரேய மொழியில் அந்தப் பெயர்கள் பலவற்றுக்குப் பொருள் உண்டு. சில பெயர்களில் ஒரு குடும்பத்தின் கண்ணீரே இருக்கிறது.

பட்டியல் எதற்கு?

கி.மு. 6-ம் நூற்றாண்டில் பாபிலோனியர்கள் எருசலேம் நகரை அழித்தார்கள். யூதர்களைச் சிறை பிடித்துச் சென்றார்கள். பிறகு பாரசீக மன்னர் கோரேஸ் அவர்களைச் சொந்த நாட்டுக்குத் திரும்ப அனுமதித்தார்.

திரும்பி வந்தவர்களில் சிலர், "நாங்கள் ஆசாரியர் பரம்பரை" என்றார்கள். வம்ச அட்டவணையில் அவர்களுடைய பெயரைத் தேடிப் பார்த்தார்கள். கிடைக்கவில்லை. அவர்களுக்கு ஆசாரியப் பணி மறுக்கப்பட்டது!

பெயர் இருந்தால்தான் உரிமை. அதனால் பெயர்களைக் கண்ணும் கருத்துமாகக் காத்து வந்தார்கள்.

வழியில் பிரசவம்

யாக்கோபின் ஆசை மனைவி ராகேல். நிறைமாதக் கர்ப்பிணியாக இருந்தபோது, குடும்பம் பயணம் புறப்பட்டது. பெத்லகேமுக்குப் போகும் வழியில் அவளுக்குப் பிரசவ வலி கண்டது.

"பயப்படாதே, இதுவும் ஆண் பிள்ளைதான்" என்று மருத்துவச்சி தேற்றினாள். ஆனால், ராகேலின் உயிர் பிரிந்து கொண்டிருந்தது. சாகும் நேரத்தில் குழந்தைக்கு "பெனோனி" என்று பெயரிட்டாள். "என் துக்கத்தின் மகன்" என்று அதற்குப் பொருள்.

யாக்கோபு அந்தப் பெயரை மாற்றினார். "பென்யமீன்" என்று அழைத்தார். "வலது கையின் மகன்" என்பது அதன் பொருள். வலது கை பலத்துக்கு அடையாளம். இஸ்ரவேலரின் முதல் அரசரான சவுல், இந்தப் பென்யமீன் வம்சத்தில் வந்தவர்.

மாறாத பெயர்

இன்னொரு குழந்தைக்கு அந்த அதிர்ஷ்டம் இல்லை.

ஏலி என்ற ஆசாரியருக்கு வயது 98. பெலிஸ்தரோடு நடந்த போரில் அவருடைய மகன்கள் இருவரும் இறந்தார்கள். புனிதமான உடன்படிக்கைப் பெட்டியும் பறிபோயிற்று. செய்தி கேட்ட ஏலி, இருக்கையிலிருந்து மல்லாந்து விழுந்து இறந்தார்.

அவருடைய மருமகள் கர்ப்பிணி. கணவன், மாமனார் இருவரும் மாண்ட செய்தி கேட்டதும் அவளுக்கு வலி எடுத்தது. ஆண் குழந்தை பிறந்தது. அருகில் இருந்த பெண்கள் ஆறுதல் சொன்னார்கள். அவள் பதில் பேசவில்லை. "இக்கபோத்" என்று பெயரிட்டுவிட்டுக் கண்ணை மூடினாள்.

"கபோத்" என்றால் மகிமை. "இக்கபோத்" என்றால் மகிமை இல்லை! இந்தப் பெயரை மாற்றத் தகப்பன் உயிரோடு இல்லை. அந்தப் பிள்ளை எப்படி வளர்ந்தான் என்று பைபிள் சொல்லவில்லை. பின்னால் ஒரு வம்ச வரிசையில், இன்னொருவரின் சகோதரன் என்று மட்டும் அவன் பெயர் வருகிறது.

யாபேஸ் கேட்ட வரம்

"வேதனை" என்று பெயர் பெற்ற பிள்ளை யார்? அவன்தான் யாபேஸ்.

எபிரேய மொழியில் "ஓட்செப்" என்றால் வேதனை. அந்தச் சொல்லின் கடைசி இரண்டு எழுத்துக்களும் யாபேஸ் என்ற பெயரில் இடம் மாறி நிற்கின்றன. வேதனையோடு பெற்றதால் தாய் அப்படிப் பெயரிட்டாள். அவனுடைய தகப்பன் பெயர்கூட அந்த இடத்தில் இல்லை.

யாபேஸ் தன் பெயரை மாற்றிக் கொள்ளவில்லை. கடவுளிடம் வேண்டினான். தன்னை ஆசீர்வதிக்க வேண்டும், தன் எல்லை பெருக வேண்டும், தீங்கு வந்து தன்னை வேதனைப்படுத்தக் கூடாது என்று கேட்டான். தன் பெயரில் இருந்த வேதனையே தன் வாழ்வில் வேண்டாம் என்றான்!

கேட்டது கிடைத்தது. சகோதரர்கள் எல்லோரையும்விட அவன் மதிப்புப் பெற்றான்.

யாபேஸின் கதை இரண்டே வசனங்கள்தான். அதற்கு முன்னும் பெயர்ப் பட்டியல். பின்னும் பெயர்ப் பட்டியல். பக்கத்தைப் புரட்டிவிட்டுப் போகிறவர்களின் கண்ணில் அவன் படுவதே இல்லை.