மீன் தொட்டி விளக்கு மினுக்குதா? முதல்ல பேலஸ்ட்டைப் பாருங்க

பகாவ், ரந்தாவ் பக்கம் தோட்டத்து வீட்டில் பழைய மீன் தொட்டி வச்சிருக்கீங்களா? டியூப் லைட் மினுக்கினால் உடனே டியூப்பை மாற்றிடாதீங்க. மூடிக்குள் இருக்கும் பேலஸ்ட் எந்த வகைன்னு பாருங்க.

கனமாக இருந்து, 'ம்ம்' என்று இரைந்தால் அது சோக். நம்ம 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் விளக்கு விநாடிக்கு 100 முறை துடிக்கும். 36 வாட் டியூப்போடு சேர்த்து ஏறக்குறைய 45 வாட் இழுக்கும். கூடுதலாக இழுப்பது சூடாகத்தான் போகும். ஆனாலும் முரட்டு உழைப்பாளி. பல நேரம் ஸ்டார்ட்டரை மாற்றினாலே சரியாகிடும்.

எலக்ட்ரானிக் பேலஸ்ட் லேசானது. 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல் ஓட்டுவதால் துடிப்பு தெரியாது, ஸ்டார்ட்டரும் வேண்டாம், பில்லும் கொஞ்சம் குறையும். ஈரம்தான் அதற்கு ஆகாது. தொட்டி மூடியில் வைக்காமல் வெளியே, காய்ந்த இடத்தில் மாட்டுங்க.

எல்.இ.டி டியூப்புக்கு மாறப் போறீங்களா? சோக்குக்கென்று செய்தது எலக்ட்ரானிக் பேலஸ்ட்டில் எரியாமல் போகலாம். அட்டையைப் படிச்சு வாங்குங்க. எதைக் கழற்றும் முன்பும் கையைத் துடைச்சிட்டு, பிளக்கைப் பிடுங்கிடுங்க.