பிள்ளையின் நோயும் பெற்றோர் மீதான பழியும்

குழந்தைக்குக் கொடிய நோய் கண்டவிடத்து அதனைப் பெற்றோர் செய்த வினை என்று கூறுதல் உலக வழக்கு. இவ்வழக்கு எத்துணைப் பொருந்தும் என்பதைச் சிறுவரிடத்துத் தோன்றும் தைரொயிட்டுப் புற்றுநோய் பற்றிய ஆராய்ச்சி விளக்குகின்றது.

தைரொயிட்டு என்பது கழுத்தின் முன்புறத்தே அமைந்த சிறு சுரப்பி. வளர்ச்சிக்கு வேண்டிய ஓமோனை ஆக்குதற்பொருட்டு அது குருதியிலுள்ள அயடீனைக் கவரும். நல்ல அயடீன் எது, கதிர்வீசும் அயடீன் எது எனப் பிரித்தறியும் ஆற்றல் அதற்கில்லை.

1986 ஆம் ஆண்டு ஏப்பிரில் 26 ஆம் நாள், அந்நாட் சோவியத்து உக்கிரேனிலே செர்னோபில் அணு உலை வெடித்தது. வெளிப்பட்ட அயடீன் 131 புல்லிற் படிந்து, பசுவின் பாலிற் கலந்து, குழந்தைகளை அடைந்தது. அச்சம் அதனினும் விரைந்து பரவிற்று. தொலைவிலுள்ள கிரேக்க நாட்டிலே கருவுற்ற பெண்கள் பலர் அஞ்சிக் கருவைக் கலைத்தனர்.

அவ்வச்சம் தக்கதோ? பெலாருசு நாட்டின் கோமெல் பகுதிச் சிறுவரைப் பிறந்த நாள்வாரியாகப் பகுத்து ஆராய்ந்த யப்பானிய அறிஞர் 2001 இல் விடை கூறினர். விபத்துக்கு முன், 1983 முதல் பிறந்த 9,720 பேருள் 31 பேருக்குப் புற்றுநோய் காணப்பட்டது. விபத்தின்போது கருவிலிருந்து அவ்வாண்டிற் பிறந்த 2,409 பேருள் ஒருவருக்கே காணப்பட்டது. 1987 முதல் 1989 வரை பிறந்த 9,472 பேருள் ஒருவருக்கேனும் காணப்படவில்லை. அயடீன் 131 இன் அரைவாழ்வுக் காலம் எட்டு நாள் ஆதலின், சில திங்களில் அது அற்றொழிந்தது. பின் பிறந்தோர் தப்பினர்.

கதிர்வீச்சுக்கு உட்பட்ட பெற்றோர்க்குப் பின்னாளிற் பிறந்த 130 பேரின் பரம்பரையலகுகளை ஆராய்ந்தோர், புதிய மாற்றங்கள் வழமையினும் மிகவில்லை என 2021 இல் அறிவித்தனர்.

ஆயினும் பெற்றோர்க்கு யாதொரு தொடர்புமில்லை எனல் மிகையாகும். டென்மார்க்கு, பின்லாந்து, நோர்வே, சுவீடன் ஆகிய நாடுகளின் பிறப்புப் பதிவேடுகளைப் புற்றுநோய்ப் பதிவேடுகளோடு ஒப்புநோக்கியபோது, தாய்க்குத் தைரொயிட்டு நோய் இருந்தவிடத்தும், குழந்தை மிக்க எடையோடு பிறந்தவிடத்தும் பிற்காலத்தில் இந்நோய் மிகுந்து காணப்பட்டது. எனினும் இந்நோய் அரிதாதலின், அத்தகைய பிள்ளைகளுள்ளும் மிகப் பெரும்பாலோர்க்கு இது வருவதில்லை.

தொடர்பு வேறு, பழி வேறு. மருத்துவர் தாயின் நோய்வரலாற்றை வினவுவது குற்றஞ்சாட்டுதற்கன்று; பிள்ளையின் கழுத்திலே கட்டியுண்டோ எனக் காலத்தோடு பார்த்தற்கேயாம். காலத்தே கண்டால் இந்நோய் பெரும்பாலும் குணமாகும்.