அடியில் தொங்குற கனெக்டர் எதோடது?

முதல் தலைமுறை மாஸ்டா எம்எக்ஸ்-5, 1989-ல் அறிமுகமான கார். அதுக்கு அடியில் பார்க்கிறீங்க. கியர்பாக்ஸ் பக்கம் ரெண்டு வயரோட ஒரு கனெக்டர் தொங்குது. எதிலாவது மாட்டிடலாம்னு தோணும். அவசரப்படாதீங்க.

ஜாக்கியை மட்டும் நம்பி அடியில் போகவே கூடாது. ஸ்டாண்டு வைங்க, சைலன்சர் குழாய் ஆறட்டும்.

நான் முதல்ல பார்க்கிறது வயரோட நீளம். இழுக்காம எதுவரைக்கும் எட்டுதோ, அதுக்குள்ளதான் அதோட இடம். இந்த காரோட மேனுவல் கியர்பாக்ஸ்ல ரெண்டு ஸ்விட்ச் இருக்கு. ஒண்ணு ரிவர்ஸ் லைட்டுக்கு. இன்னொண்ணு, வண்டி நியூட்ரல்ல இருக்குன்னு இன்ஜின் கம்ப்யூட்டருக்குச் சொல்ல. குழப்பமே இங்கதான்.

இன்ஜின், இக்னிஷன் ரெண்டும் ஆஃப். ஸ்விட்ச் பக்கத்து முனையில் மல்டிமீட்டரை பீப் மோடுல வைங்க. உள்ளே ஒருத்தர் கியர் மாத்தட்டும். ரிவர்ஸ்ல மட்டும் பீப் வந்தா, அது ரிவர்ஸ் ஸ்விட்ச். நியூட்ரல்ல மட்டும் நிலை மாறினா, மத்தது.

ரிவர்ஸ் லைட் எரியலைன்னா, ராத்திரி பார்க்கிங்ல பின்னாடி நிக்கிறவருக்கு நீங்க பின்னால வர்றது தெரியாது. தொங்குற வயர் சூடான குழாயில் பட்டா இன்னும் மோசம்: உறை உருகி, ஷார்ட் ஆகி, பியூஸ் போயிடும்.

எல்லாம் சரியா வேலை செய்யுது, ஆனாலும் ஒண்ணு மிச்சம் தொங்குதா? அந்த மாடல்ல இல்லாத வசதிக்காக கம்பெனியே விட்டதாவும் இருக்கலாம். வயரிங் படத்துல நிறத்தை ஒப்பிட்டுப் பார்த்துட்டு, டேப் சுத்தி மேலே கட்டிடுங்க.