எரிபொருளை அழுத்தும் எண்ணெய்

அமெரிக்காவில் பழைய கனரக டீசல் பிக்கப் வண்டிகளை விற்போர் தரும் விளம்பரங்களில், ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-250, எஃப்-350 வரிசைகளில் 1994 முதல் 2003 வரை வந்த 7.3 லிட்டர் ‘பவர் ஸ்ட்ரோக்’ இன்ஜினைப் பற்றி, அது பத்து லட்சம் மைல் ஓடும், அதற்கு அழிவே இல்லை என்ற உறுதிமொழி வழக்கமாக இடம்பெறுகிறது. இருபது வயதைக் கடந்துவிட்ட இத்தகைய வண்டிக்குப் பெருந்தொகை கொடுக்க முன்வருபவர் கேட்கும் முதல் கேள்வி, அது எத்தனை மைல் ஓடியிருக்கிறது என்பதே. அந்த விடையால் வாங்குபவருக்குக் கிடைக்கும் பயன் சொற்பம். இந்த இன்ஜினில் மசகு எண்ணெய், உராய்வைக் குறைப்பதோடு நின்றுவிடாமல், டீசலைச் சிலிண்டருக்குள் பீய்ச்சும் தசையாகவும் வேலை செய்வதால், ஓடிய தூரத்தைக் காட்டிலும் எண்ணெய் எப்போது, எப்படி மாற்றப்பட்டது என்ற வரலாறே அதன் உடல்நிலையைச் சரியாகக் காட்டும்.

டீசல் இன்ஜினில் காற்று அமுக்கப்பட்டுச் சூடேறியிருக்கும் கணத்தில் எரிபொருள் மிக நுண்ணிய துளிகளாகத் தெறித்தாக வேண்டும். அதற்கு மிகப் பெரிய அழுத்தம் தேவை. பழைய முறையில், இன்ஜினோடு சேர்ந்து சுழலும் பம்ப் ஒன்று டீசலை நேரடியாக அழுத்திக் குழாய் வழியே அனுப்பும். இன்ஜின் மெதுவாகச் சுழலும்போது பம்பும் மெதுவாகவே சுழல்வதால், சுமையை இழுக்கத் தொடங்கும் வேளையில், அதாவது நுண்துளிகள் மிகவும் தேவைப்படும் வேளையில், அழுத்தம் குறைந்திருக்கும். கேட்டர்பில்லர் நிறுவனம் உருவாக்கிய ‘ஹூயி’ என்னும் முறை இந்தக் கட்டை அறுத்தது. இரண்டு சிலிண்டர் வரிசைகளுக்கு இடையிலான பள்ளத்தில் அமர்ந்திருக்கும் ஏழு பிஸ்டன் பம்ப் ஒன்று, இன்ஜினின் மசகு எண்ணெயில் ஒரு பகுதியை எடுத்து, வண்டி நின்ற இடத்திலேயே ஓடும்போது வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறக்குறைய 35 மடங்காகவும், முழுச் சுமையில் சுமார் 200 மடங்காகவும் அழுத்தி, சிலிண்டர் தலைக்குள் குடைந்த வழிகளில் நிறுத்திவைக்கிறது. எவ்வளவு அழுத்தம் வேண்டும் என்பதைக் கணினி முடிவு செய்ய, ஒழுங்குபடுத்தும் வால்வு ஒன்று மிகையான எண்ணெயைத் திருப்பி விடுகிறது.

எண்ணெயின் இந்த அழுத்தம் டீசலின் அழுத்தமாகப் பெருகும் இடம் இன்ஜெக்டர், அதாவது எரிபொருளைப் பீய்ச்சும் உருளை வடிவக் கருவி. அதனுள் ஒரு பிஸ்டன் இருக்கிறது. அதன் மேல்முகம் அகலமானது, கீழ்முனையில் பொருந்திய தண்டு மெல்லியது. இரண்டின் பரப்புகளும் 7-க்கு 1 என்ற விகிதத்தில் அமைந்திருப்பதால், மேலே 200 மடங்காக இருக்கும் அழுத்தம் கீழே டீசலில் 1,400 மடங்காகிறது. முறுக்கு உரலை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். உரலின் மேல்தகட்டை மாவு அடைத்திருக்கும் குழலைப் போல் ஏழு மடங்கு பரப்புடையதாக்கி, அதன்மேல் கைக்குப் பதிலாக எண்ணெயை நிறுத்தினால், எவ்வளவு நுண்ணிய துளையிட்ட அச்சாக இருந்தாலும் மாவு சீறிக்கொண்டு வரும். சிலிண்டருக்கு ஒன்றாக எட்டு உரல்கள் வரிசையாக நிற்க, ஒவ்வொன்றின் வாயிலும் ஒரு மின்காந்தக் காவலாள் நின்று, கணினி சொல்லும் கணத்தில் எண்ணெய்க்குக் கதவைத் திறந்து, சொன்ன கணத்தில் மூடுகிறான். நிமிடத்துக்கு 2,400 சுற்றுகளில் இன்ஜின் ஓடும்போது இந்த எட்டும் சேர்ந்து நொடிக்கு 160 முறை பிழிகின்றன. இங்கே பிழியும் கை எண்ணெய் என்பதால், எண்ணெயில் காற்று கலந்துவிட்டால் கைக்குப் பதிலாகப் பஞ்சுப் பொதியை வைத்து அழுத்துவது போலாகும். பொதி அமுங்குமே தவிர, மாவு அசையாது. எண்ணெய் குளிரில் கூழாக இறுகினால் கை உரலை எட்டவே தாமதமாகும். அதே கைதான் வீட்டின் மற்ற வேலைகளையும், அதாவது தாங்கிகளுக்கும் பிஸ்டன்களுக்கும் மசகிடும் வேலையையும், பார்த்தாக வேண்டும் என்பதையும் சேர்த்துக்கொண்டால், இந்த ஏற்பாட்டின் அழகும் அதன் ஆபத்தும் ஒன்றே என்பது புலப்படும்.

அழகு எதில் என்றால், பீய்ச்சும் அழுத்தமும் நேரமும் இன்ஜினின் சுழல்வேகத்திலிருந்து விடுபட்டு, கணினியின் விருப்பத்துக்கு வந்துவிட்டன. சில இன்ஜெக்டர்களில் தண்டில் வெட்டப்பட்ட சிறு பள்ளம் ஒன்று, முதலில் கொஞ்சம் டீசலை விட்டு, நொடியின் மிகச் சிறு பகுதி நிறுத்தி, பிறகு மீதியை விடுமாறு செய்கிறது. எரிதல் மென்மையாகத் தொடங்குவதால் டீசலுக்கே உரிய தடதடப்பு குறைகிறது. மின்னணுவால் அல்லாமல் ஒரு கீறலால் இவ்வளவு நுட்பமான வேலையைச் சாதித்திருப்பது, பொறியியலில் போற்றத்தக்க செயல்.

வரலாற்றுக்கு அதிக இடம் தேவையில்லை. 1897-இல் ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ரூடால்ஃப் டீசலின் இன்ஜின் வெற்றிகரமாக ஓடியபோது எரிபொருளை உள்ளே தள்ளியது அமுக்கப்பட்ட காற்று. 1920-களின் இறுதியில் பாஷ் நிறுவனத்தின் பம்புகள் அந்த இடத்தைப் பிடித்தன. ஃபோர்டுக்கு இந்த இன்ஜினைச் செய்து கொடுத்த நேவிஸ்டார் நிறுவனம், இதையே பள்ளிப் பேருந்துகளிலும் பொருத்தியது. டீசலையே நேரடியாக உயர் அழுத்தத்தில் பொதுக்குழாயில் தேக்கிவைக்கும் முறை பரவியபின், 2008-ஆம் ஆண்டு பிக்கப் வண்டிகளிலிருந்து ஃபோர்டும் எண்ணெய் வழியைக் கைவிட்டது.

பழைய வண்டியை வைத்திருப்பவரின் பாடு இங்கிருந்து தொடங்குகிறது. இந்த இன்ஜினுக்கு ஏறக்குறைய 14 லிட்டர் எண்ணெய் வேண்டும். அதை 5,000 மைலுக்கு, அதாவது சுமார் 8,000 கிலோமீட்டருக்கு, ஒரு முறை மாற்றுவது வழக்கம். செலவுக்கு அஞ்சி இதைத் தள்ளிப்போடுபவர், தேய்மானம் சற்றே கூடும் என்று மட்டும் கருதுகிறார். உண்மையில், உயர் அழுத்தப் பம்பிலும் வால்வுகளின் குறுகிய இடுக்குகளிலும் நொடிதோறும் நசுங்கும் எண்ணெயில், பாகுத்தன்மையைக் காக்கும் நீண்ட மூலக்கூறுகள் அறுபடுகின்றன. நுரையை அடக்கும் சேர்மங்களும் வலுவிழக்கின்றன. நுரைத்த எண்ணெய் அமுங்கும் தன்மை பெறுவதால், பீய்ச்சும் அளவு குழம்பி, வண்டி உதறத் தொடங்குகிறது. அதை இன்ஜெக்டரின் கோளாறு என்று முடிவுகட்டி, விலை உயர்ந்த எட்டு இன்ஜெக்டர்களையும் மாற்றுவதற்கு முன், புதிய எண்ணெய் ஊற்றிப் பார்ப்பதே அறிவு.

மைல்மானி மற்றொரு வகையிலும் ஏமாற்றும். பண்ணையிலும் கட்டுமான இடத்திலும் மணிக்கணக்கில் நின்றபடியே ஓடும் வண்டியில், மைல்மானி நகராவிட்டாலும் எண்ணெய் பிழிபட்டுக்கொண்டேதான் இருக்கும். ஆகவே, எண்ணெய் மாற்றியதற்கான ரசீதுகளைக் கேட்பதும், ஒரு சிறு புட்டி எண்ணெயை ஆய்வகத்துக்கு அனுப்பி, அதில் இரும்புத் துகளும் எரிபொருள் கலப்பும், காற்று வடிகட்டியைத் தாண்டி நுழைந்த தூசியைக் காட்டும் சிலிக்கானும் எவ்வளவு எனப் பார்ப்பதும், விற்பவரின் எந்த உறுதிமொழியையும்விட நம்பத்தக்கவை. இன்ஜினைக் குளிர்விக்கும் நீரையும் மறக்கலாகாது: சிலிண்டர் சுவரின் அதிர்வால் நீரில் தோன்றும் குமிழ்கள் சுவரை ஒட்டி வெடித்து உலோகத்தைத் துளைக்கும் என்பதால், நைட்ரைட் கலந்த காப்புச் சேர்மம் போதிய அளவில் இருக்கிறதா என்பதை அதற்குரிய சோதனைத் தாளால் அவ்வப்போது அளக்க வேண்டும்.

இந்த இன்ஜினுக்குத் திறன் கூட்டும் மின்னணுச் சில்லுகள் பெரும் ஆரவாரத்தோடு விற்கப்படுகின்றன. அவை செய்வதெல்லாம், எண்ணெய் அழுத்தத்தை உயர்த்துமாறும் கதவை நீண்ட நேரம் திறந்துவைக்குமாறும் கணினிக்கு ஆணையிடுவதே. பம்ப் ஒரு சுற்றுக்குத் தரும் எண்ணெயின் அளவோ மாறாதது. பெரிய இன்ஜெக்டர்களையும் சேர்த்துப் பொருத்தினால், எட்டும் கூடுதல் எண்ணெயை உறிஞ்ச, அழுத்தம் சரிந்துவிடுகிறது. பழுதில்லாத பம்பையே சோர்வுறச் செய்யும் இந்த வேலையை இருபது ஆண்டு தேய்ந்த பம்பின் மேல் சுமத்துவது வீண்.

வண்டியைப் பார்க்கப் போகும் நாளில் செய்யத்தக்க சோதனைகள் இரண்டு. முதலாவது, எரிபொருள் வடிகட்டியைத் திறந்து பார்ப்பது: இன்ஜெக்டரைச் சுற்றியுள்ள ரப்பர் வளையங்களே எண்ணெயையும் டீசலையும் பிரித்துவைக்கின்றன என்பதால், அவை கெட்டிருந்தால், அழுத்தம் மிகுந்த எண்ணெய் டீசலுக்குள் கசிந்து அதைக் கறுப்பாக்கியிருக்கும். இரண்டாவது, ஆறிக் கிடக்கும் வண்டியைக் கிளப்பிப் பார்த்ததோடு திருப்தியடையாமல், நன்றாக ஓட்டிச் சூடேற்றி, நிறுத்தி, இருபது நிமிடம் கழித்து மீண்டும் கிளப்புவது. குளிர்ந்த கெட்டியான எண்ணெய் சிறு கசிவுகளைத் தானே அடைத்துக்கொள்ளும். சூட்டில் நீர்த்த எண்ணெயோ அதே இடுக்குகளில் வழிந்தோடி, இன்ஜெக்டர்கள் இயங்கத் தேவையான 35 மடங்கு அழுத்தத்தை எட்டவிடாமல் செய்யும். காலையில் சட்டென்று கிளம்பிய வண்டி, நண்பகலில் சூட்டோடு நீண்ட நேரம் சுழன்றும் பற்றாமல் நின்றால், பம்பிலோ, ஒழுங்குபடுத்தும் வால்விலோ, இன்ஜெக்டர் வளையங்களிலோ கசிவு இருக்கிறதா என்று ஆராய்ந்து, அதைச் சரிசெய்யும் செலவைக் கழித்த பிறகே விலை பேச வேண்டும்.