ஒரு கேம், இரண்டு அளவுகோல்: லேட்டனும் ரைட்டும் சேர்ந்தபோது விமர்சகர்கள் சொன்னது

ஒரு வீடியோ கேமுக்கு நூற்றுக்கு 80-ஐ ஒட்டிய மதிப்பெண் கிடைத்தது என்றால், 'பரவாயில்லை, நல்ல கேம்தான். ஆனால் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடும் ரகம் இல்லை' என்று முடிவுகட்டிவிட்டு அடுத்ததைப் பார்க்கப் போய்விடுவோம். 'புரொஃபசர் லேட்டன் வெர்சஸ் ஃபீனிக்ஸ் ரைட்: ஏஸ் அட்டர்னி' என்ற கேமின் சராசரியும் ஏறக்குறைய அந்த அளவில்தான் நிற்கிறது. ஆனால் விமர்சனங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் படித்தால் 'பரவாயில்லை' என்று சொன்னவர்கள் குறைவு. ஒரு பாதியை மனம்விட்டுப் பாராட்டி, மறு பாதியைப் பார்த்து உதட்டைப் பிதுக்கியவர்களே அதிகம். எந்தப் பாதி எது என்பதிலும் எல்லோரும் ஒத்துப்போகவில்லை. ஏன் அப்படி என்று புரிந்துகொள்ள, முதலில் இந்த இருவரும் யார் என்று தெரிய வேண்டும்.

பேராசிரியர் லேட்டன், லெவல் ஃபைவ் என்ற ஜப்பானிய நிறுவனத்தின் பிள்ளை. 2007-இல் நின்டென்டோ டி.எஸ். என்ற கையடக்கக் கருவியில் முதன்முதலாக வந்தார். உயரமான தொப்பி, தேநீர்ப் பிரியம், குரலை உயர்த்தாத ஆங்கிலக் கனவான். அவரும் அவருடைய சீடன் லூக்கும் ஊர் ஊராகப் போவார்கள். வழியில் பார்க்கிறவர்கள் எல்லாம் ஆளுக்கொரு புதிரை நீட்டுவார்கள்: தீக்குச்சியை நகர்த்து, ஓநாயையும் ஆட்டையும் ஆற்றைக் கடக்க வை என்கிற வகை. திணறினால், காட்சிகளில் ஒளித்துவைத்திருக்கும் துப்புக் காசுகளைத் தேடி எடுத்துச் செலவழித்துக் குறிப்பு வாங்கிக்கொள்ளலாம். அந்தப் புதிர்களுக்குப் பின்னால் இருந்தவர் அகிரா தாகோ என்ற உளவியல் பேராசிரியர். ஜப்பானில் அவருடைய புதிர்ப் புத்தகங்கள் பல தலைமுறைகளாக விற்பனையில் சக்கைப்போடு போட்டவை.

ஃபீனிக்ஸ் ரைட் கேப்காம் நிறுவனத்தின் ஆள், 'ஏஸ் அட்டர்னி' வரிசையின் வக்கீல். 2001-இல் கேம்பாய் அட்வான்ஸில் அறிமுகமானவர். இவருக்குப் புதிர் கிடையாது, வழக்குதான். சாட்சி சொல்லும் வாக்குமூலத்தை வரி வரியாகக் கேட்க வேண்டும். எந்த வரி பொய் என்று கண்டுபிடித்து, அதற்கு எதிரான ஆதாரத்தைத் தூக்கிக் காட்டி, விரலை நீட்டி ஆட்சேபம் தெரிவிக்க வேண்டும். சாட்சி முகம் வெளிறி, வியர்த்து, கடைசியில் உடைந்துபோவதைப் பார்ப்பதுதான் இந்தக் கேமின் போதை. இதை உருவாக்கியவர் ஷூ தக்கூமி.

வெவ்வேறு கேம் வரிசைகளின் பாத்திரங்கள் ஒரே கதையில் சந்திப்பதை கிராஸ்ஓவர் என்பார்கள். லெவல் ஃபைவின் தலைவர் அகிஹிரோ ஹினோ முன்வைத்த இந்தச் சந்திப்பு 2010 அக்டோபரில் அறிவிக்கப்பட்டு, 2012 நவம்பர் 29 அன்று ஜப்பானில் நின்டென்டோ 3டி.எஸ். கருவிக்கு வெளிவந்தது. கதையை எழுதும் பொறுப்பு தக்கூமிக்குப் போனது. விமர்சனங்களில் பின்னால் எழுந்த சச்சரவுகளில் பாதிக்கு வித்து இங்கேதான் விழுந்தது என்பது என் கணிப்பு. கல்யாணம் இரு வீட்டாருடையது என்றாலும் சமையல்காரர் மாப்பிள்ளை வீட்டு ஆள். சாம்பாரில் யார் வீட்டு ருசி தூக்கலாக இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை.

கதை லண்டனில் தொடங்குகிறது. மந்திரக்காரிகள் துரத்த, எஸ்பெல்லா என்ற பெண் லேட்டனைத் தேடி ஓடி வருகிறாள். ரைட்டும் அவருடைய துணையாள் மாயாவும் வேறொரு வேலையாக அதே ஊருக்கு வந்து, அவளுக்காக வாதாட வேண்டியதாகிறது. ஒரு மாயப் புத்தகம் எல்லோரையும் லாபிரிந்தியா என்ற மதில் சூழ்ந்த நகரத்துக்கு இழுத்துக்கொள்கிறது. இடைக்கால ஐரோப்பா போன்ற ஊர். அங்கே 'கதைசொல்லி' என்று அழைக்கப்படும் ஒருவர் எழுதுவதெல்லாம் அப்படியே நடக்கும். மந்திரம் உண்டு, மந்திரக்காரி என்று தீர்ப்பானால் நெருப்புதான். மற்றவர்கள் போய்ச் சேரும்போது ரைட்டும் மாயாவும் தாங்கள் யார் என்பதையே மறந்து, ரொட்டிக்கடையில் மாவு பிசைந்துகொண்டிருப்பார்கள்.

விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரே குரலில் புகழ்ந்தது இந்த ஊரின் நீதிமன்றத்தைத்தான். மந்திரம் உண்டு என்று ஒப்புக்கொண்ட ஊரில் குற்றவியல் தர்க்கம் எப்படி நிற்கும்? சுவரில் வாசல் திறக்கும் மந்திரம் இருந்தால் பூட்டிய அறைக்கு என்ன அர்த்தம்? கண்ணுக்குத் தெரியாமல் போகும் மந்திரம் இருந்தால் நேரில் பார்த்த சாட்சிக்கு என்ன மதிப்பு? இதற்கு தக்கூமி கண்டுபிடித்த வழி அழகானது. மந்திரங்களுக்கு ஒரு சட்டப் புத்தகத்தையே எழுதிவிட்டார். எந்த மந்திரத்துக்கு எந்தச் சொல்லை உச்சரிக்க வேண்டும், கோலில் எந்தக் கல் பதித்திருக்க வேண்டும், அதன் விளைவு எதுவரை போகும் என்பதெல்லாம் அதில் இருக்கும். அந்தப் புத்தகமும் வழக்கில் ஓர் ஆதாரம். 'இந்த மந்திரத்தைச் செய்யக் கையில் கோல் வேண்டுமே, அந்தப் பெண்ணின் கையில் வேறொன்று இருந்ததே' என்கிற பாணியில் வாதாடலாம். அதிசயம் இருந்தும் தர்க்கம் குலையாத இந்த ஏற்பாட்டை, வழக்கமான ஏஸ் அட்டர்னி வழக்குகளைவிடப் புதுமையானது என்று பலர் எழுதினார்கள். எனக்கும் அதில் மாற்றுக் கருத்து இல்லை.

இன்னொரு புதுமை கூட்டுச் சாட்சியம். பழைய கேம்களில் ஒரு நேரத்தில் ஒரு சாட்சிதான் கூண்டில் நிற்பார். இங்கே நான்கைந்து பேர், சில சமயம் அதற்கும் மேல், வரிசையாக நின்று ஒருவர் பேச்சில் இன்னொருவர் குறுக்கிடுவார்கள். ஒருவர் பேசும்போது பக்கத்தில் நிற்பவர் திடுக்கிட்டால், உடனே அவர் பக்கம் திரும்பி 'என்ன, ஏதோ சொல்ல வந்தீர்களே?' என்று மடக்கலாம். ஒரு பொய்யைச் சாட்சிகளின் முகங்களுக்கு இடையே துரத்திப் பிடிக்கும் சுகம் இதில் உண்டு. ஊர்க்கூட்டத்தின் வெறியும் பயமும் நீதிமன்றத்துக்குள் வந்துவிடுவதால், வழக்கின் கனமும் கூடுகிறது. தோற்றால் கட்சிக்காரர் சிறைக்குப் போவதில்லை; நெருப்புக்குள் போகிறார்.

குறை சொன்னவர்கள் எங்கே கைவைத்தார்கள்? முதலில் புதிர்களில். லேட்டன் கேம் ஒன்றில் நூற்றுக்கு மேல் புதிர்கள் இருப்பது வழக்கம். இங்கே அதில் பாதி அளவுதான் தேறும். அவற்றிலும் பெரும்பாலானவை சுலபம். லேட்டன் பக்கத்திலிருந்து வந்த விமர்சகர்களுக்கு இது பெரிய ஏமாற்றம். இலைக்கு முன்னால் உட்கார்ந்த பிறகு பாதிப் பதார்த்தம் வரவில்லை என்ற கோபம் அவர்களுக்கு. ஆனால் சுலபம் என்பதைவிடப் பெரிய குறை வேறொன்று என்று நினைக்கிறேன்: புதிர் நீதிமன்றத்தோடு கலப்பதே இல்லை. ஊரைச் சுற்றும்போது லேட்டன் கேம், வழக்கு தொடங்கியதும் ரைட் கேம் என்று இரண்டும் மாறி மாறி வருகின்றன. லேட்டனிடமிருந்து நீதிமன்றத்துக்குப் போனதில் முக்கியமானது துப்புக் காசுதான். அதைச் செலவழித்தால் எந்த வாக்குமூலத்தை நெருக்க வேண்டும், எந்த ஆதாரத்தை நீட்ட வேண்டும் என்று கேமே கோடிகாட்டிவிடும். புதியவர்களுக்கு இது வசதி. எழுதியவர் மனதில் இருப்பதை ஊகிக்க முடியாமல் எல்லா ஆதாரத்தையும் வரிசையாகக் காட்டிப் பார்ப்பது ஏஸ் அட்டர்னியின் பழைய வியாதி. அதற்கு இது மருந்து. பழைய ரசிகர்களோ வழக்கில் இருந்த முறுக்கு தளர்ந்துவிட்டது என்றார்கள். இரண்டு பேர் சொல்வதும் சரிதான்.

அடுத்த குறை, லேட்டனின் இடம். தலைப்பில் அவர் பெயர் முதலில் வந்தாலும், கதையின் நடுப்பகுதியில் நீண்ட நேரத்துக்கு ரைட்டின் கையே ஓங்கியிருக்கிறது. சமையல்காரர் யார் என்று முன்பே சொன்னேன். தலைப்பில் இருக்கும் 'வெர்சஸ்' என்ற மோதலும் விளம்பரம் எதிர்பார்க்க வைத்த அளவுக்குப் பெரிதாக நடப்பதில்லை. இருவரும் ஒருவர்மேல் ஒருவர் மதிப்பு வைத்து, பெரும்பாலும் ஒரே பக்கத்தில்தான் நிற்கிறார்கள். இது சிலருக்குச் சப்பென்று இருந்தது. நான் இதைப் பெரிய குறையாக எடுத்துக்கொள்ள மாட்டேன். பதறும் வக்கீலும் பதறாத பேராசிரியரும் பக்கத்தில் பக்கத்தில் நிற்பதே போதுமான வேடிக்கை.

பெரிய சண்டை முடிவைப் பற்றியது. (விளையாடும் எண்ணம் உள்ளவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம்.) லேட்டன் கதைகளில் ஓர் எழுதப்படாத சட்டம் உண்டு: அமானுஷ்யம் போலத் தெரிவதற்கெல்லாம் கடைசியில் ஓர் 'அறிவியல்' விளக்கம் வரும். அந்த விளக்கம் பெரும்பாலும் அமானுஷ்யத்தைவிட நம்ப முடியாததாக இருக்கும்! லேட்டன் ரசிகர்கள் அதைச் சிரித்துக்கொண்டே ஏற்றுப் பழகியவர்கள். ஏஸ் அட்டர்னியின் சட்டம் வேறு. ஆவியை வரவழைக்கும் பெண் ஒருத்தி அங்கே உண்டு என்றாலும், முன்கூட்டியே விதிகளைச் சொல்லிவிட்டு அவற்றுக்குள்ளேயே தீர்ப்பு வரும். லாபிரிந்தியாவில் மணிக்கணக்காக மந்திரச் சட்டத்தைப் படித்து, அதை நம்பி வாதாடி ஜெயித்த ஆட்டக்காரரிடம், கடைசியில் மந்திரமே வேறு என்று லேட்டன் பாணி விளக்கம் ஒன்றை நீட்டினால் எப்படி இருக்கும்? அதனால்தான் முடிவை அபத்தம் என்று சிலரும், நெகிழ்ச்சியானது என்று சிலரும் எழுதினார்கள். என் தீர்ப்பு: காரணம் சொல்லும் இடத்தில் முடிவு தடுமாறுகிறது, எஸ்பெல்லாவின் துயரத்தைச் சொல்லும் இடத்தில் தடுமாறவில்லை. விளக்கத்தைக் கொஞ்சம் சுருக்கியிருந்தால் பாதிப் புகார் வந்திருக்காது.

தோற்றத்திலும் இசையிலும் பெரிதாகச் சண்டை இல்லை. புள்ளிக் கண்ணும் உருளைக்கிழங்கு முகமுமான லேட்டனும், அனிமே நாயகன் போன்ற ரைட்டும் ஒரே சட்டத்துக்குள் உறுத்தாமல் நிற்பது சாதாரண வேலை இல்லை. ஊரின் வரைகலையையும், இரு வரிசைகளின் மெட்டுகளையும் ஒன்றோடொன்று இழைத்த இசையையும் ஏறத்தாழ எல்லோரும் பாராட்டினார்கள். முணுமுணுப்பு கேட்டது குரலில்தான். ஆங்கிலப் பதிப்பில் ரைட்டுக்குக் குரல் கொடுத்த நடிகர் வேறு. சில மாதங்களுக்கு முன் வந்த ஏஸ் அட்டர்னி வரிசையின் 'டூயல் டெஸ்டினீஸ்' கேமில் கேட்ட குரல் வேறு.

அந்தச் 'சில மாதங்களுக்கு முன்' என்பதும் கவனிக்க வேண்டிய செய்தி. ஜப்பானில் இந்தக் கிராஸ்ஓவர் முதலில் வந்தது; 'டூயல் டெஸ்டினீஸ்' 2013-இல்தான் வந்தது. லேட்டனின் கதையை அப்போதைக்கு முடித்துவைத்த 'அஸ்ரான் லெகஸி'யும் அப்படியே. மேற்கில் வரிசை தலைகீழ். ஐரோப்பாவுக்கு 2014 மார்ச்சிலும், வட அமெரிக்காவுக்கு அதே ஆண்டு ஆகஸ்டிலும்தான் இது போய்ச் சேர்ந்தது. அதற்குள் அங்கிருந்த விமர்சகர்கள் அந்த இரண்டையும் விளையாடி முடித்திருந்தார்கள். ஜப்பானில் ஆவலோடு காத்திருந்த கூட்டணி, மேற்கில் விருந்து முடிந்தபின் வந்த தாம்பூலமாகிவிட்டது. புதிர்கள் அலுப்பூட்டுகின்றன என்ற குரலுக்கு இந்தத் தாமதமும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

இப்போது அந்த 80-க்குத் திரும்புவோம். மெட்டாகிரிட்டிக் போன்ற தளங்கள், ஐந்துக்கு, பத்துக்கு என்று வெவ்வேறு விதமாகப் போடப்படும் மதிப்பெண்களை நூற்றுக்கு மாற்றிச் சராசரி எடுக்கின்றன. எந்தப் பத்திரிகைக்கு எவ்வளவு எடை என்பதை அவை வெளியே சொல்வதில்லை. ஒரே வகை கேமுக்கு இந்தக் கணக்கு ஓரளவு உதவும். கிராஸ்ஓவருக்கு அவ்வளவாக உதவாது. வழக்குக்காக விளையாடியவர் போட்ட 90-ஐயும் புதிருக்காக விளையாடியவர் போட்ட 70-ஐயும் கூட்டிப் பாதியாக்கினால், இருவருமே சொல்லாத ஒரு 80 கிடைக்கும். இத்தகைய கேமின் விமர்சனத்தைப் படிக்கும்போது, எழுதியவர் எந்த வரிசையின் ரசிகர் என்பதை முதல் இரண்டு பத்திகளில் தேடிப் பிடித்துக்கொண்டு, பிறகு மதிப்பெண்ணைப் பார்ப்பது நல்லது.

விமர்சகர்கள் புகழ்ந்த பகுதி வீணாகவும் போகவில்லை. தக்கூமி அடுத்து இயக்கி 2015-இல் ஜப்பானில் வெளிவந்த 'தி கிரேட் ஏஸ் அட்டர்னி'யில் கூட்டுச் சாட்சியம் மறுபடி வந்தது. ஆறு ஜூரர்களின் கருத்துகளில் ஒன்றை இன்னொன்றோடு மோதவிட்டு அவர்கள் மனதை மாற்றும் ஏற்பாட்டிலும் லாபிரிந்தியாவின் சாயல் தெரியும். அந்த வரிசை ஆங்கிலத்தில் 2021-இல் வந்தபோது, அதைத் தக்கூமியின் சிறந்த வேலை என்று சொன்னவர்கள் பலர்.

கிராஸ்ஓவரின் கதி வேறு. ஏஸ் அட்டர்னியின் மற்ற பெரிய கேம்கள் எல்லாம் 2024-க்குள் இன்றைய கருவிகளுக்கு வந்துவிட்டன. இது மட்டும் 3டி.எஸ். கருவியிலேயே தங்கிவிட்டது. இரண்டு நிறுவனங்களுக்குச் சொந்தமான படைப்பை மறுபடி வெளியிட இரண்டு நிறுவனங்களும் சம்மதிக்க வேண்டும். 3டி.எஸ். கருவிக்கான நின்டென்டோவின் இணையக் கடையிலும் 2023 மார்ச் 27-க்குப் பிறகு எதையும் வாங்க முடியாது. விளையாட வேண்டும் என்று ஆசைப்படுகிறவர்கள் பழைய கருவியும் கேம் அட்டையும் வைத்திருக்கும் நண்பரைத்தான் தேட வேண்டும். கிடைத்தால், ஏஸ் அட்டர்னியின் முதல் கேமை முடித்துவிட்டு இதைத் தொடங்குங்கள். லேட்டனை முன்பே விளையாடியிருக்க வேண்டும் என்ற கட்டாயமில்லை.