சிகரெட்டை விட்டு வேப்புக்கு மாறினா காசு மிச்சமா?

டேர்ம் இன்சூரன்ஸ் எடுக்கப் போற நண்பர் ஒருத்தர் என்கிட்ட கேட்டார்: "சிகரெட்டை விட்டு நாலு மாசம் ஆச்சு ப்ரோ, இப்போ வேப் மட்டும்தான். ஃபார்ம்ல நான்-ஸ்மோக்கர்னு போட்டுக்கலாம்ல?"

போடக்கூடாது. காரணத்தைக் கடைசியில சொல்றேன். அதுக்கு முன்னாடி, வேப் பிடிச்சா சிகரெட் நிஜமாவே நிக்குமா?

சிலருக்கு நிக்குது. இங்கிலாந்துல 886 பேரை வச்சு நடத்தின ஆய்வு 2019-ல வெளியாச்சு. பாதிப் பேருக்கு இ-சிகரெட், மீதிப் பேருக்கு நிக்கோட்டின் கம், பேட்ச் மாதிரியான பொருட்கள். ஒரு வருஷம் கழிச்சுப் பார்த்தா, சிகரெட்டை விட்டவங்க இ-சிகரெட் குழுவில 18%, மத்த குழுவில 9.9%. கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. வேப் கடைக்காரங்க இதோட நிறுத்திக்குவாங்க. ஆனா அப்படி விட்டவங்கள்ல, இ-சிகரெட் குழுவில 80% பேர் ஒரு வருஷத்துக்குப் பிறகும் வேப் இழுத்துட்டுத்தான் இருந்தாங்க. மத்த குழுவில கம், பேட்ச்சைத் தொடர்ந்தவங்க 9% மட்டும்தான். சிகரெட் போச்சு, நிக்கோட்டின் போகல. பர்ஸ் கணக்குல இது கடனை அடைக்கிறது இல்ல, பேலன்ஸ் டிரான்ஸ்ஃபர்.

இன்னொண்ணு, அந்த ஆய்வுல ரெண்டு குழுவுக்கும் குறைஞ்சது 4 வாரம், வாராவாரம் ஆலோசகர் உதவி இருந்தது. நம்ம ஊர்ல கதையே வேற. 2019-ல வந்த சட்டப்படி இந்தியாவுல இ-சிகரெட் தயாரிப்பு, இறக்குமதி, விற்பனை, விளம்பரம் எல்லாத்துக்கும் தடை. முதல் தடவை மாட்டினா 1 வருஷம் வரை சிறை, அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது ரெண்டுமே. அதனால இங்க கிடைக்கிறது எல்லாம் பில் இல்லாத கள்ளச் சந்தைச் சரக்கு. உள்ள என்ன ஊத்தியிருக்கான், எவ்வளவு நிக்கோட்டின், எதுவும் தெரியாது. கெட்டுப்போனா யார்கிட்ட கேட்பீங்க?

"முழுசா விடல, பாதியா குறைச்சுட்டேன்"னு சொல்றவங்களும் இருக்காங்க. செலவு பாதியாகும், சரிதான். இதய நோய் ஆபத்து பாதியாகாது. ஒரு நாளைக்கு ஒண்ணே ஒண்ணு பிடிச்சாலும், 20 பிடிக்கிறவருக்கு இருக்கிற கூடுதல் ஆபத்துல கிட்டத்தட்ட பாதி இருக்குனு 2018-ல ஒரு ஆய்வுத் தொகுப்பு சொல்லிச்சு.

சரி, கணக்குக்கு வருவோம். ஒரு சிகரெட் 20 ரூபாய், நாளைக்கு 8-னு வச்சுக்கோங்க. மாசம் 4,800 ரூபாய். அதையே எஸ்ஐபி-ல போட்டு, 12% கிடைக்கும்னு ஒரு பேச்சுக்கு எடுத்துக்கிட்டா, 10 வருஷத்துல சுமார் 11 லட்சம். டீ செலவை நான் சேர்க்கவே இல்ல!

விடணும்னு முடிவு பண்ணிட்டா, மெடிக்கல் ஷாப்புல நிக்கோட்டின் கம் கிடைக்குது. சூயிங் கம் மாதிரி மென்னுக்கிட்டே இருக்கக்கூடாது. காரம் தெரிஞ்சதும் கன்னத்துல ஒதுக்கி வச்சுடணும். பொதுவா 8 முதல் 12 வாரத்துல படிப்படியா நிறுத்திடலாம், அதனால இது முடிவு தேதி உள்ள செலவு. எத்தனை மி.கி.னு டாக்டரைக் கேட்டுக்கோங்க. மத்திய அரசோட 1800-11-2356 எண்ணுக்கு ஃபோன் பண்ணினா ஆலோசனை இலவசம்.

இப்போ நண்பரோட ஃபார்ம். மெடிக்கல் டெஸ்ட்ல தேடுறது புகையை இல்ல, கோட்டினினை. நிக்கோட்டின் உடம்புக்குள்ள போனா உருவாகிற பொருள் அது. வேப் இழுத்தாலும் வரும், கம் மென்னாலும் வரும். மறைச்சு பாலிசி எடுத்து, 3 வருஷத்துக்குள்ள க்ளெய்ம் வந்து விஷயம் தெரிஞ்சா, கம்பெனி நிராகரிக்கலாம். கஷ்டப்படப் போறது நீங்க இல்ல, வீட்ல இருக்கிறவங்க.

அவருக்கு நான் சொன்னது: உள்ளதை எழுதி, ஸ்மோக்கர் பிரீமியத்திலேயே இப்ப எடுங்க. நிக்கோட்டினை முழுசா விட்டு ஒரு வருஷம் ஆனதும் புது பாலிசிக்கு விலை கேளுங்க. அது கைக்கு வர்ற வரைக்கும் பழசை நிறுத்திடாதீங்க.